ஊதா நிறக் குழாய்

ராத்திரி இரண்டரை மணி. மைசூர் விஜயநகர் கடைசி ஸ்டேஜையும் தாண்டி, தெருவிளக்கு முடிந்த பிறகும் ஒரு ரோடு போகிறதே… அதில் ஒரே ஒரு ஸ்கூட்டி. ஓட்டிப் போனது நம் நண்பன் லாய்டின் அண்ணி ஜேன். பேய்க்குப் பயப்படுகிற ஆளே இல்லை. அவள் பயமெல்லாம் வெள்ளிக்கிழமைதான். அன்றோடு ஆராய்ச்சிக்குக் கொடுத்த கடைசி நீட்டிப்பும் முடிகிறது.

அவள் போன லேபில் இருந்தது ஒரே ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே பெட்ரோல் வகை எண்ணெய். திரவ நைட்ரஜனில் முக்கினால் கண்ணாடி மாதிரி உறையும். அதில் கோபால்ட் கதிர் பட்டால் மூலக்கூறுகள் உடையும். உடைந்த துண்டுகள் ஒன்றையொன்று சேர முடியாமல் அங்கேயே சிக்கி நிற்கும். குழாய் ஊதாவாகிவிடும். சூடு பட்டாலும் போச்சு, வெளிச்சம் பட்டாலும் போச்சு. காலை ஒன்பதுக்கு அளக்கிற மெஷினில் வைக்கும்வரை நைட்ரஜன் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கோபால்ட்டை வேறு திருப்பி அனுப்பியாயிற்று. இன்னொன்று செய்ய வழியில்லை.

அந்த ரூமில் சுவர் ஓட்டையில் இருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தக் கூடாது, கதவைச் சாத்தக் கூடாது; ஆவியாகிற நைட்ரஜன் மூச்சுக் காற்றை விரட்டிவிடும். ஏழு வருஷம் முன்னால், வெளிச்சத்துக்குப் பயந்து இரண்டையும் செய்த தருண்குமார் என்ற மாணவன் அங்கேயே செத்துக் கிடந்தான். அவன் குழாய் மட்டும் கிடைக்கவில்லை.

ஜேனுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஐந்து நிமிஷம்தானே என்று ஃபேனை நிறுத்தி, அதன் ஓட்டையில் கறுப்புத் துணி அடைத்து, கதவையும் சாத்தினாள்.

ஸ்ஸ்ஸ்… ஊற்றினாள். நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது. மூச்சு முட்டாது. தலை மட்டும் லேசாகும்.

கேனைக் கீழே வைத்தாள். ஸ்ஸ்ஸ்… நிற்கவில்லை. இருட்டில், அவளுக்கு எதிரே, யாரோ ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

கால் துவண்டது. தவழ்ந்து போய்க் கதவை இழுத்தாள். ஒரு கை அதைத் திரும்பத் தள்ளியது.

"வேணாம் மேடம்… வெளிச்சம் வந்துரும்."

உயிரா, குழாயா? ஒரு நொடி நிஜமாகவே யோசித்தாளாம், பாவி. பிறகு உடம்பிலிருந்த பலமெல்லாம் சேர்த்து இழுத்தாள். வராந்தா டியூப்லைட் உள்ளே விழுந்தது. பாதி உடம்பு வெளியே, பாதி உள்ளே. அப்படியே கிடந்து திரும்பிப் பார்த்தாள். கண்ணெதிரே ஊதா வெளுத்தது… வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. விடியும்வரை அழுதாள்.

ஒன்பதுக்கு மெஷின் பார்க்கும் சந்துரு வந்து பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தான்.

"ஒண்ணுன்னீங்களே மேடம்? இங்க எரடு இருக்கே."

ஒன்று வெறும் தண்ணீர் நிறம். இன்னொன்று நல்ல ஊதா. அதில் ஒட்டியிருந்த காகிதத்தில் ஏழு வருஷம் முந்தைய தேதி.

"உங்களுது எது மேடம்?"

ஜேன் காகிதத்தைக் கிழித்துக் கையில் கசக்கினாள். "ஊதா" என்றாள்.

பட்டம் வந்துவிட்டது. லாய்டின் அண்ணன் இப்போது ஹாலில்தான் படுக்கிறார். பக்கத்தில் படுக்க முடியவில்லையாம். மே மாதத்திலும், காலையில் பார்த்தால், தலையணையில் அவள் முகத்தைச் சுற்றி வெள்ளையாகப் பனி உறைந்திருக்கிறதாம்…