மாமியாருக்குப் பின்னால் ஒரு காட்டெருமை

…பின்னாடி எருமைன்னு ரெண்டே ரெண்டு வார்த்தை சார். சொன்னா வாய்முத்து உதிர்ந்துடுமா? காலை அசைக்காதீங்க, அந்த ஈரத்துணி அப்படியே இருக்கட்டும். வீக்கம் வத்தினாத்தான் நாளைக்கு வண்டியில ஏத்துவாங்க. கேம்ப் விருந்தாளிங்க எல்லாரும் சிங்கம் பார்க்கப் போயாச்சு, கால் சுளுக்குன நீங்க மட்டும் சமையக்காரி என்னைப் பார்த்துக்கிட்டு ஒக்காந்திருக்கீங்க. சிங்கமாவது பகல் முழுக்க வாயை மூடிக்கிட்டுத் தூங்கும்… டீ இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?

எதுல விட்டேன்? ஆங், எருமை. நேத்து சாயங்காலம் சார், இந்தச் சமையக்கட்டுக்குப் பின்னாடி மேசைத்துணியெல்லாம் காயப்போட்டுக்கிட்டு நிக்கிறேன். அந்தப் பக்கம் மாப்பிள்ளை வண்டி கழுவிக்கிட்டு இருக்காரு. எம்பொண்ணு சிலேஷேவோட வீட்டுக்காரரு. உங்களையெல்லாம் காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போறாரே, அவருதான். பேரா? சட்டையிலயே தச்சிருக்கு, படிச்சுக்குங்க. நான் எப்படிச் சொல்லுவேன்? மாமியார் வாயில மாப்பிள்ளை பேரு வரலாமா? பேரு மட்டுமா… எங்க சனத்து முறைப்படி நாங்க ரெண்டு பேரும் பேசக்கூடாது, முகத்துக்கு முகம் பார்க்கக்கூடாது, நான் இருக்கிற எடத்துல அவரு ஒரு வாய் சாப்பிடக்கூடாது. பொண்ணு வீட்டுப் பொம்பளைங்க நாங்க கூடிச் சமைச்சு, அவரை முறையா வீட்டுக்குள்ள அழைக்கிற வரைக்கும் அப்படித்தான். அழைச்சாச்சுன்னா அப்புறம் மகன் மாதிரி.

நான் அவரைப் பார்க்கல, துணியத்தான் பார்க்கிறேன். அவரும் என்னைப் பார்க்கல. ஆனா எனக்குப் பின்னாடி நிக்கிறதப் பார்த்துட்டாரு. ஒத்தை ஆம்பளை எருமை சார், கூட்டத்த விட்டு வந்த கிழம், ஒடம்பெல்லாம் சேறு. அதுங்களுக்குத்தான் கோவம் ஜாஸ்தி. இவரு என்ன பண்ணினாரு தெரியுமா? அதோ அந்தப் புளியமரம் இருக்குல்ல, அதுகிட்டப் போயி, தொப்பியக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு, மரத்தைப் பார்த்து மரியாதையாப் பேசுறாரு. "மரமே, பெரியவங்களே, உங்களுக்குப் பின்னாடி பதினஞ்சு அடியில எருமை நிக்குதுங்க. ஓடாதீங்க. அப்படியே வலது பக்கமா மெதுவா நகருங்க."

மரம் எங்க சார் நகரும்! இங்க அக்டோபர்தான் உச்சக் கோடை, அந்த வெயில்ல மனுசனுக்கு மூளை கலங்கிப் போச்சுன்னு நெனச்சேன். ஐயோ எம்பொண்ணு வாழ்க்கையேன்னு நான் நெஞ்சுல கை வைக்கிறேன், எருமை எம்முதுகுக்குப் பின்னாடி புஸ்ஸுன்னு மூச்சு விடுது.

அப்புறம் என்ன, ஓட்டம்தான். ஓடாதீங்கன்னு மரத்துக்குத்தானே சொன்னாரு. விறகு மேல விழுந்தேன். முழங்கையப் பாருங்க. இல்ல, இது பழசு, போன வருஷம் பபூன் குரங்கு ரொட்டிக்கூடையப் பிடுங்கினப்போ பட்டது. இதோ, இது நேத்தையது.

எருமை வந்து என்னைக் குத்தியிருக்கும் சார். நெசமாத்தான். இவரு வண்டிய எடுத்தாரு பாருங்க… முகத்த அந்தாண்ட திருப்பிக்கிட்டே ஓட்டிட்டு வந்து, எனக்கும் அதுக்கும் நடுவுல நிறுத்தினாரு. கதவுல டங்குன்னு ஒரு முட்டு. அப்புறம் வெள்ளை மேசைத்துணி ஒண்ணைக் கொம்புல மாட்டிக்கிட்டு, ஞானஸ்நானம் வாங்கப் போற மாதிரி ஆத்துப் பக்கம் போயிடுச்சு. விருந்தாளிங்க எல்லாம் படம் புடிக்கிறாங்க! நான் விறகுல கெடக்கிறேன், அவங்க எருமையப் படம் புடிக்கிறாங்க.

காப்பாத்தினாரு, இல்லைன்னு சொல்லல. ஆனா ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் மேனேஜரம்மாகிட்டப் போயி என்ன கேட்டிருக்காரு தெரியுமா? 'என்னை ஆத்துக்கு அந்தப்பக்கத்து கேம்ப்புக்கு மாத்திடுங்க, நேராப் பேச முடியாத என்னால மாமியாருக்கு ஒண்ணு ஆகிடக்கூடாது'ன்னு. அந்தம்மாவும் சரின்னுட்டாங்க. திங்கக்கிழமை போறாரு. காலையில சிலேஷே வந்து கண்ணைத் தொடச்சுக்கிட்டே சொல்லுறா. அவளும் போறா. போகாம? ஏழு மாசம் சார் அவளுக்கு. நவம்பர்ல மழை புடிச்சா லுவாங்வா ஆத்துல படகு நின்னுடும், ரோடு கெடையாது. அப்புறம் அவளைப் பார்க்கிறது ஏப்ரலோ மே மாசமோ. குழந்தை அதுக்குள்ள ஒக்காந்துடும் சார். பல்லு முளைச்சிருக்கும். எம்வீட்டுக்காரரு செத்துப்போயி ஆறு வருஷம் ஆச்சு, இருக்கிறது ஒரே பொண்ணு, அவ வலி எடுத்துக் கத்துறது எனக்குக் கேக்காது. இங்க நான் யாருக்கோ முட்டை வேக வெச்சுக்கிட்டு இருப்பேன். உங்களச் சொல்லல, நீங்க சாப்பிடுங்க.

என்ன சார் பார்க்கிறீங்க? ஏன் இன்னும் வீட்டுக்குள்ள அழைக்கலன்னா? கல்யாணமாகி மூணு வருஷம் ஆச்சு, ஆமா. அவங்க வீட்டுல செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சாச்சு. எனக்குக் கம்பளிகூட வந்துச்சு, நல்ல கம்பளி. எங்க பக்கம்தான் பாக்கி. அவரு மாமா ரெண்டு தடவை நடந்து வந்து கேட்டுட்டாரு. நான் என்ன பண்ணுவேன்? மொத வருஷம் கோழி எல்லாம் புனுகுப்பூனை தின்னுடுச்சு. கடைக்கோழி வெக்க முடியுமா, மரியாதையில்ல. போன வருஷம் நிலக்கடலை வெளஞ்சு நிக்கிறப்போ யானை வந்து நடந்துட்டுப் போச்சு. கடலை இடிச்சுப் போடாம கீரை செஞ்சு மாப்பிள்ளைக்கு வெக்கிறதா? இந்த வருஷம்… இந்த வருஷம் எனக்கு இடுப்பு வலி.

அப்படிப் பார்க்காதீங்க சார்.

…புனுகுப்பூனை ரெண்டுதான் தின்னுச்சு. எட்டு இருந்துச்சு. கடலையும் ஓரத்துலதான் மிதிச்சுது, மூட்டை மூட்டையா வீட்டுல இருந்துச்சு. இடுப்பு நல்லாத்தான் இருக்கு, நேத்து அந்த ஓட்டம் ஓடுனேனே.

உங்ககிட்ட சொல்லுறதுக்கு என்ன, நீங்க வியாழக்கிழமை ஏரோபிளேன் ஏறிடுவீங்க. வீட்டுக்குள்ள அழைச்சாச்சுன்னா அவரு எங்கிட்ட வாயத் தொறந்து பேசலாம். பேசினா மொத வார்த்தை என்னவா இருக்கும்? 'அம்மா, நான் சிலேஷேவ எங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்.' அவருக்கு அங்க நெலம் இருக்கு, அவங்கம்மா இருக்காங்க. கேட்டா நான் மாட்டேன்னு சொல்ல முடியாது, அது நியாயமில்ல. ஆனா கேக்கவே முடியலைன்னா? முறைப்படி எங்கிட்டக் கேக்காம கூட்டிட்டுப் போற ஆளு இல்ல அவரு. அவ்வளவு மரியாதை. அந்த மரியாதையக் கட்டி வெச்சுத்தான் எம்பொண்ண நான் பக்கத்துலயே வெச்சுக்கிட்டேன்… மூணு வருஷம். கடைசியில என் உசுரக் காப்பாத்துறதுக்காக அவரு போறாரு.

வண்டிச் சத்தம். வந்துட்டாங்க. சிங்கம் பார்த்திருப்பாங்க, பார்க்கலைன்னா இவ்வளவு சத்தம் இருக்காது. நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கிறேன், அவரு இறங்கிப் போகட்டும். நாளைக்கே எந்தங்கச்சிங்க ரெண்டு பேருக்கும் சொல்லி அனுப்பணும். நாளைக்கென்ன, இன்னிக்கே. சனிக்கிழமை சமைச்சாக்கூட ஞாயித்துக்கிழமை அழைச்சிடலாம். பேசலாம்னு ஆயிட்டா அவரு ஆத்தத் தாண்டிப் போக வேண்டியதில்ல… ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்னு அவரு கேட்டா கேக்கட்டும். குழந்தை பொறந்த பெறகு கேளுங்கன்னு நானும் சொல்லலாம்ல சார்? பேச்சுன்னா ரெண்டு பக்கமும் உண்டுதானே? என்ன சொல்லுறீங்க?

சார்?

கால் வீங்கின மனுசன் எங்க… ஐயோ. சார்! வண்டிகிட்ட என்ன நொண்டிக்கிட்டுப் போறீங்க! மாப்பிள்ளைகிட்டயா பேசுறீங்க? என்னைக் கை காட்டாதீங்க, அது தப்பு! ஞாயித்துக்கிழமைன்னு மட்டும் சொல்லுங்க, போதும், மத்தது வேண்டாம்… கோழிக் கணக்க விடுங்க சார்! இடுப்ப ஏன் புடிச்சுக் காட்டுறீங்க?

சொல்லிட்டாரு. இந்த சார் எல்லாத்தையும் சொல்லிட்டாரு.

…சிரிக்கிறாரு. மாப்பிள்ளை சிரிக்கிறாரு. நான் திரும்பிக்கணும். மூணு வருஷமா அவரு முதுகத்தான் பார்த்திருக்கேன். முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல இவ்வளவு பெரிய சந்து இருக்கு! சிலேஷே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

அந்தச் சந்து குழந்தைக்கும் வருமா?