ஜூடித்தைக் கேட்காமல்

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் பிரகாஷ் அவர்களே, முன்வரிசையில் தன் அம்மா ஜூடித்தின் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் அன்பு மகள் ஸ்னேஹா அவர்களே, பொம்மசந்திரா ஆலையில் ஷிஃப்ட் முடித்து, முகம்கூடக் கழுவாமல் ஸ்ரீராம்புரம் மன்றத்தில் நடக்கும் இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு ஓடி வந்திருக்கும் என் தோழியரே! உங்கள் எல்லோருக்கும் ஜெயலக்ஷ்மியின் வணக்கம். ஐந்து நிமிஷத்துக்கு மேல் பேசினால் மைக்கைப் பிடுங்கிவிடுவதாகத் தலைவர் சொல்லியிருக்கிறார். பிடுங்கட்டும். இன்றைக்கு நான் பேசித்தான் ஆக வேண்டும்.

வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறீர்கள். ‘ஈழத்து வீரமங்கை ஜூடித்’ என்று போட்டிருக்கிறது. படம் நன்றாக இருக்கிறது, எழுத்தும் பெரிதாக இருக்கிறது. யார் எழுதச் சொன்னது என்று விசாரித்தேன். ‘அவங்க ஈழம்தானேக்கா’ என்று பதில் வந்தது. சரி, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

யார் இந்த ஜூடித்? தொண்ணூறில் போருக்குப் பயந்து மன்னாரிலிருந்து படகேறி வந்தவர். தமிழ்நாட்டில் அகதி முகாமில் வளர்ந்து, முகாமிலேயே கல்யாணம் செய்து, கணவரை இழந்தபின் பிள்ளையோடு பெங்களூருக்கு வந்து, நம் ஆலையில் சட்டைக் காலர் தைத்தவர். நம் சங்கத்தின் துணைத் தலைவி. குடிதண்ணீர்க் குழாயில் துருநீர் வந்தபோது, அதை ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடித்து மேனேஜர் மேஜையில் வைத்து, ‘முதல்ல நீங்க குடிங்க சார்’ என்று நின்றவர் யார்? ஜூடித்! தாக்கப்போகிறார்கள் என்ற வதந்தியைக் கேட்டு அசாம், மணிப்பூர்ப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக ரயிலேறியபோது, நாமெல்லாம் ‘பயப்படாதீங்க’ என்று புத்தி சொல்லிக்கொண்டிருந்தோம். இரண்டு பெண்களைத் தன் ஒற்றை அறைக்கு அழைத்துப்போய்ப் படுக்க வைத்தவர் யார்? ஜூடித்! “ஓடுற ஆளுக்கு முதல்ல தண்ணி குடுங்கோ. புத்தி பிறகு சொல்லலாம்” என்றார் என்னிடம். உணர்ச்சிவசப்பட்டால் மட்டும் அவருக்கு மன்னார்த் தமிழ் வந்துவிடும்.

அதற்கு அடுத்த ஆண்டு நம் ஆலைக்குப் பயிற்சி கொடுக்க இலங்கையிலிருந்து ஒரு பெண் வந்தார். குசும். சிங்களவர். தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. மன்னார்ச் சந்தையில் சிறுவயதில் பழகிய சிங்களத்தை இருபது வருஷத்துக்குப் பிறகு தூசி தட்டி எடுத்து ஜூடித்தான் அவருக்கு வாயாக இருந்தார். மதியம் இருவரும் ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். ஜூடித் சிங்களத்தில் சிரித்துப் பேசுவதைப் பார்த்து நமக்கெல்லாம் வயிறு எரிந்தது. ‘இவங்க பட்டதெல்லாம் மறந்துபோச்சா?’ என்று நாம் முணுமுணுத்தோம். பட்டவர் அவர். எரிந்தது நமக்கு!

அந்தச் சாப்பாட்டு மேஜையில் என்ன பேசினார்கள் என்று நமக்கு அன்று தெரியாது. ஜூடித்தை அடக்கம் செய்த மறுநாள் ஸ்னேஹா சொல்லித்தான் தெரியும். கடைசிப் போரில் வன்னியில் காணாமல் போனவர், ஊரிலேயே தங்கிவிட்ட ஜூடித்தின் தம்பி. அதே போரில், அதே வன்னியில் காணாமல் போனவர் குசுமின் தம்பி. அவர் சிப்பாய். இவர் என்னவாக இருந்தார் என்று ஜூடித்துக்கே தெரியாது. யார் கையில் எந்தத் துப்பாக்கி இருந்தது என்று அந்த இரண்டு அக்காமார்களும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. அகதி அட்டை வைத்திருப்பவருக்குப் பாஸ்போர்ட் ஏது? அதனால் தம்பியைத் தேடி ஜூடித் போக முடியாது. குசும் போவதாகச் சொன்னார். வெசாக் பண்டிகை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது மன்னாருக்குப் போய், ஜூடித்தின் தம்பியைப் பற்றி வீடு வீடாக விசாரித்து வருகிறேன் என்று சொன்னார். இருந்த ஒரே போட்டோவை ஜூடித் அவர் கையில் கொடுத்தார்.

அப்போது நாம் என்ன செய்தோம்?

ஈழத்துக்காகத் தமிழ்நாடெங்கும் மாணவர்கள் தெருவில் நின்ற நேரம் அது. நம் இரத்தமும் கொதித்தது. கொதித்தது தப்பென்று நான் சொல்ல மாட்டேன், அங்கே நடந்தது அப்படி. ஆனால் நமக்குக் கிடைத்தது யார்? காலர் தைக்கச் சொல்லிக்கொடுக்க வந்த ஒருத்தி. முகாம் கணக்கெடுப்பில் முகம் காட்ட ஜூடித் லீவு போட்டுப் போயிருந்த நாளாகப் பார்த்து மெஷின்களை நிறுத்தினோம். ‘எங்கள் ஜூடித்தைக் கலங்க வைத்த இனமே வெளியேறு’ என்று கத்தினோம். நானும் கத்தினேன். எல்லோர் கையிலும் போன் இருந்தது. ஒருவராவது அவரைக் கூப்பிட்டுக் கேட்டோமா?

தொண்ணூற்றொன்றில் காவிரிக் கலவரம் நடந்தபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். சிலர் பஸ்ஸை நிறுத்தி என் அப்பாவைக் கன்னடம் பேசிக் காட்டச் சொன்னார்கள். அவர் கன்னடத்தில் தமிழ் ஒட்டிக்கொண்டிருந்தது. அடித்தார்கள். அப்பா காவிரியை என்ன செய்தார்? கன்னடரான தலைவர் பிரகாஷ் அவர்களிடம் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் அவர் தலைகுனிந்துதான் கேட்டிருக்கிறார். அவர் அடிக்கவில்லை, ஆனாலும் குனிந்தார். அந்தப் பஸ்ஸில் அழுத நான்தான், ஒரு பெண்ணை அவள் இனத்தைச் சொல்லி வெளியே போ என்று கத்தியவள். சரித்திரம் பாடம் நடத்தும் என்கிறார்கள். எனக்கு நடத்தியது. நான் பாடத்தை மாற்றிப் படித்துவிட்டேன், தோழியரே!

அன்று சாயங்காலமே நிர்வாகம் குசுமை அனுப்பிவிட்டது. கேட்டில் காவலாளியிடம், ஜூடித்திடம் சேர்க்கச் சொல்லி ஒரு உறையைக் கொடுத்துவிட்டுப் போனாராம். அதற்குள் அந்தப் போட்டோ இருந்தது. மறுநாள் ஜூடித் வந்தார். நாம் ஓடிப்போய், உங்களுக்காகச் சாதித்துவிட்டோம் என்று சொன்னோம். அவர் உறையைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“ஆரைக் கேட்டனீங்கள்?”

அவ்வளவுதான். மெஷினில் போய் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு திட்டவில்லை, விலகவில்லை, இத்தனை வருஷம் நம் தண்ணீருக்கும் நம் சம்பளத்துக்கும் முன்னால் நின்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை. அவர் தம்பி என்ன ஆனார் என்று தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். அவரைக் கலங்க வைத்தவர்களின் வரிசையில், கடைசியில் நாமும் நிற்கிறோம். எவ்வளவு நல்லெண்ணத்தோடு நிற்கிறோம்!

குசுமின் எண்ணைத் தேடிப்பிடித்துப் போன வாரம் பேசினேன். ஜூடித் இல்லை என்றதும் எப்போது, எப்படி என்று கேட்டார். பிறகு ஜூடித் கற்றுக்கொடுத்த தமிழில் சொன்னார்: “தம்பி போட்டோ இருக்கா? கொண்டு வாங்க. நான் கூட வாறன்.”

ஸ்னேஹா, நீயும் முகாமில் பிறந்தவள், உனக்கும் பாஸ்போர்ட் இல்லை. நான் ஸ்ரீராம்புரத்தில் பிறந்தவள், எனக்குக் கிடைக்கும். வழக்கமாக இந்த இடத்தில் சபதம் செய்வார்கள், அவர் விட்டுச்சென்ற பணியை எடுத்துச் செல்வோம் என்பார்கள். எடுத்துச் செல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அது உன் அம்மாவின் பணி, உன் மாமாவின் படம்.

அதனால் தோழியரே, இன்று முழக்கம் வேண்டாம். அந்த ஃப்ளெக்ஸில் என்ன எழுதுவது என்று அவளைக் கேளுங்கள், எதுவும் வேண்டாம் என்றால் கழற்றிவிடுங்கள். நானும் கேட்கிறேன். ஸ்னேஹா, அந்தப் போட்டோவை என்னிடம் கொடுப்பாயா? இத்தனை பேர் முன்னால் பதில் சொல்லாதே. வீட்டுக்குப் போய் யோசி. முடியாது என்றாலும் சரி. நீ சொல்லும்வரை நாங்கள் காத்திருக்கிறோம்.