மெத்தை வைத்த ஷூ

மருமகள்: அத்தை! கொஞ்சம் இங்க வாங்க... இல்ல இல்ல, நீங்க வராதீங்க, முட்டி வலிக்கும். நானே வரேன்.

மாமியார்: என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? கைல என்ன, ஷூவா? கட்டில் மேல வெக்காத.

மருமகள்: தூசி தட்டலாம்னு திருப்பினேன். அடியப் பாருங்க. இங்க... குதிகால்கிட்ட.

மாமியார்: பாத்தேன். அழுக்கா இருக்கு.

மருமகள்: அழுக்கில்ல அத்தை. தேஞ்சு போயிருக்கு! வழுவழுன்னு...

மாமியார்: தினம் காலைல ஓடுற. தலையோட தண்ணி ஊத்தின மாதிரி வேர்த்து வழிஞ்சு வர்ற. தேயாம அது என்ன பண்ணும், வளருமா?

மருமகள்: அதில்ல... வந்து... இந்த அளவுக்குத் தேயக்கூடாதுல்ல?

மாமியார்: எந்த அளவுக்குத் தேயணும்?

மருமகள்: கம்மியா. ரொம்ப... ரொம்பக் கம்மியா.

மாமியார்: அப்ப மட்டமான ஷூ. வாங்கும்போதே என் பையன் கேட்டானே, கால்ல ரெண்டு தலகாணியக் கட்டிக்கிட்டா நீ ஓடப்போறன்னு.

மருமகள்: அவருக்கு என்ன தெரியும்? வாசல்ல கெடக்குற பேப்பர எடுக்கறதுக்கே அவருக்கு மூச்சு வாங்குது. மெத்தை தடிமனா இருந்தா முட்டிக்கு அதிர்வு போகாதுன்னு கடையில சொன்னாங்க.

மாமியார்: அது வாஸ்தவம். கால் தரைல பட்டதே தெரியாது. பஞ்ச மிதிச்ச மாதிரி...

மருமகள்: ஆமா, அதான்...

மாமியார்: ஆனா வளைவுல திரும்பறப்ப கணுக்கால் ஆடும். அங்க ஜாக்கிரதையா இருக்கணும்.

மருமகள்: கணுக்கால் ஆடுமா?

மாமியார்: கல்லு கில்லு மிதிச்சாலும் தெரியாது. வெயில்ல உள்ள கால் அவிஞ்சுபோகும். அதோட, இதுக்குப் பழகிட்டு வெறுங்கால்ல நடந்தா பாதத்துக்குச் சோம்பல் வந்துடுது... என்ன அப்படிப் பாக்குற?

மருமகள்: இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னா?

மாமியார்: நீதான்.

மருமகள்: நான் சொல்லவே இல்லையே.

மாமியார்: சொல்லியிருப்ப. ராத்திரி என் முட்டிக்கு மருந்து தேய்ச்சுவிடறப்ப ஆயிரம் பேசறோம்.

மருமகள்: அந்த ஆயிரத்துல இது இல்ல அத்தை. எனக்கே தெரியாதத நான் எப்படி...

மாமியார்: உனக்குத் தெரியாதா?

மருமகள்: தெரியும்! தெரியும். சொன்னதில்லன்னு சொல்ல வந்தேன். பேச்ச மாத்தாதீங்க. இந்த லேஸப் பாருங்க.

மாமியார்: முடிச்சுப் போட்டிருக்கு.

மருமகள்: ரெட்டை முடிச்சு! நான் ஒத்த முடிச்சுதான் போடுவேன். இந்த வீட்ல ரெட்டை முடிச்சு போடறது ஒரே ஆள்தான். குப்பைப் பைக்கு, சர்க்கரை பாக்கெட்டுக்கு, உங்க பையனோட சாப்பாட்டுப் பைக்கு... அவர் பாதி நாள் அத அவுக்க முடியாமலே பட்டினி கெடக்குறாரு. அத்தை, நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே சைஸ்தானே?

மாமியார்: அதுக்கு?

மருமகள்: எழுந்து நில்லுங்க.

மாமியார்: ஐயோ அம்மா, முட்டி...

மருமகள்: எந்த முட்டி?

மாமியார்: இதோ, இது.

மருமகள்: அது வலது. ஆபரேஷன் பண்ணப்போறது இடது!

மாமியார்: ...ரெண்டும்தான் வலிக்குது.

மருமகள்: என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. இந்த ஷூவப் போட்டுக்கிட்டு நடந்தீங்களா?

மாமியார்: நடக்கல.

மருமகள்: அப்பாடா...

மாமியார்: ஓடினேன்.

மருமகள்: என்னது!

மாமியார்: கத்தாதடி. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.

மருமகள்: ஓ... ஓடினீங்களா? நீங்களா? சுவரப் புடிச்சுக்கிட்டு பாத்ரூம் போறவங்க!

மாமியார்: முதல்ல வீட்டுக்குள்ளதான் போட்டு நடந்தேன். அப்ப வலி நிஜம், சத்தியமா. இதப் போட்டா சுருக் சுருக்குன்னு குத்தல. அப்புறம் வாசல் வரைக்கும். அப்புறம் தெருமுனை. நடக்க நடக்கக் காலுக்கே பலம் வந்துது போல... ஒரு நாள் ஒரு நாய் துரத்துச்சு.

மருமகள்: ஐயையோ!

மாமியார்: அப்பத்தான் தெரிஞ்சுது, எனக்கு ஓட வருதுன்னு. கொஞ்ச தூரத்துல நாய் நின்னுடுச்சு. நான் நிக்கல.

மருமகள்: எப்ப நடந்தது இதெல்லாம்?

மாமியார்: மத்தியானத்துல. நீங்க ரெண்டு பேரும் ஆபீஸ் போனதுக்கு அப்புறம் இது சும்மாத்தானே கெடக்குது.

மருமகள்: எனக்குத் தலை சுத்துது. திங்கக்கிழமை ஆபரேஷன் அத்தை! வலி தாங்க முடிஞ்சா வேணாம், முடியலன்னா பண்ணிடலாம்னு டாக்டர் சொன்னாரு. தாங்க முடியலன்னு சொன்னது நீங்க! கண்ணுல தண்ணி வேற!

மாமியார்: அது கொஞ்சம் ஜாஸ்தியாப் போயிடுச்சு.

மருமகள்: கொஞ்சமா? கத்திய எடுத்து முட்டிய அறுப்பாங்க. வாய மூடிக்கிட்டுப் படுத்திருப்பீங்களா?

மாமியார்: கடைசி நிமிஷத்துல பயமா இருக்குன்னு சொல்லி எழுந்து வந்துடலாம்னு...

மருமகள்: எழுந்து? ஓடியா?

மாமியார்: தேவைப்பட்டா. ஷூவப் பையில எடுத்து வெச்சுக்கலாம்னுதான் இருந்தேன்.

மருமகள்: சிரிக்காதீங்க! வலி போயிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? சந்தோஷம்தானே படுவோம்?

மாமியார்: படுவீங்க. சந்தோஷப்பட்டுட்டு உங்க ரூமுக்குப் போயிடுவீங்க.

மருமகள்: புரியல.

மாமியார்: ராத்திரி மருந்து தேய்ச்சுவிடறல்ல... அந்தக் கொஞ்ச நேரந்தான் உன் கைல போன் இருக்காது. விரல் வழவழன்னு இருக்கும், எடுக்க முடியாது. உங்க மேனேஜர் மீட்டிங்ல கொறட்டை விட்டதெல்லாம் சொல்லுவ. நானும் எதாவது உளறுவேன். வலியே போயிடுச்சுன்னா... அது எதுக்கு?

மருமகள்: ...அத்தை.

மாமியார்: அழாத. நீ அழுதா எனக்கும் வந்துடும். டாக்டருக்கு நீயே போன் போட்டுச் சொல்லிடு. என் பையன்கிட்ட நாய் விஷயத்த மட்டும் சொல்லாத.

மருமகள்: வலி இல்லன்னாலும் தேய்ச்சுவிடுவேன். வெறும் எண்ணெயாவது போட்டு.

மாமியார்: கை வழுக்கணும். அதான் முக்கியம்.

மருமகள்: சரி, இருங்க. டாக்டர் நம்பர்...

மாமியார்: போனக் கீழ வை. எனக்கு ஒண்ணு உறுத்துது.

மருமகள்: என்ன?

மாமியார்: நீ தினம் ஓடற ஷூ இது. அடி தேஞ்சிருக்குன்னதும் ஏன் அப்படி ஆடிப்போயிட்ட?

மருமகள்: அது... லேஸ் முடிச்சு...

மாமியார்: லேஸு அப்புறம் வந்தது. முதல்லயே நீ நின்ன நிலை, என்னமோ அந்த ஷூ தேயவே கூடாதுங்கற மாதிரி இருந்துது. கணுக்கால் ஆடும்னு சொன்னப்பவும் ஏதோ புதுசாக் கேக்கறவ மாதிரி முழிச்ச.

மருமகள்: நான் ஓடப்போற மைதானத்து ஓரத்துல ஒரு பெஞ்சு இருக்கு அத்தை. முதல் நாளே அதப் பாத்துட்டேன்.

மாமியார்: பெஞ்சா?

மருமகள்: அங்க என்னை யாரும் எதுக்கும் கூப்பிடல. சும்மா உக்காந்தேன்... அப்படியே கண்ண அசத்திடுச்சு. மறுநாளும்... அதுக்கு மறுநாளும்...

மாமியார்: அடிப்பாவி! தினமும் தொப்பலா வேர்த்து வர்றியேடி! என் கண்ணால பாக்கறேனே!

மருமகள்: அது வேர்வை இல்ல அத்தை... மைதானத்துக் குழாய்த் தண்ணி.