மாசம் நாலு

அன்னைக்குக் கூடத்துல ஆறு பேரும்மா. நான், எங்க வீட்டுக்காரரு, மகன், மக, மக வீட்டுக்காரரு, அடுப்படி நிலையில சாஞ்சுக்கிட்டு மருமக. மகதான் பேச்ச எடுத்தா. இவளுக்கு நீர்க்கட்டின்னு சொல்லி மாத்திர, ஸ்கேன்னு மூணு வருஷமாச்சு, மாசாமாசம் ஒழுங்கா வரல, இன்னும் மூணு மாசம் பாப்போம், சரியாகலன்னா அவங்க அம்மா வீட்ல கொண்டுபோய் விட்டுடலாம்னா. யாரும் மறுத்துப் பேசல. நானுந்தான்.

கதவச் சாத்திக்கலாமா, டாக்டரம்மா? மருமக சோதனைக்கு ரத்தம் குடுக்கப் போயிருக்கா. வரிசையில ஒம்போதாவது ஆளு, பாத்துட்டுத்தான் வந்தேன்.

மொதல்ல உங்க மேலதான் எனக்குச் சந்தேகம். காய் தின்னு, நட, நேரத்தோட தூங்குன்னு எழுதிக் குடுத்தா வியாதி போயிடுமா? அந்தக் காகிதத்த அடுப்படியில ஒட்டி வெச்சிருக்கா. நான் அஞ்சாவதுதான், ஆனா எழுத்துக் கூட்டிப் படிச்சிடுவேன். அப்புறம் அவ மேல சந்தேகம். திருட்டுத்தனமா தின்னுறாளோன்னு பிஸ்கட் டப்பாவ எண்ணி வெச்சேன். இருபத்திரெண்டு. நாலு நாள் கழிச்சும் இருபத்திரெண்டு. நடக்கப் போறேன்னு போய் எங்கயாவது உக்காந்துட்டு வர்றாளோன்னு பின்னாலயே போனேன். இல்லம்மா, நெசமாவே நடக்கறா. பூங்காவ ஏழு சுத்து. எனக்கு மூணாவது சுத்துலயே மூச்சு வாங்கி மரத்துக்குப் பின்னாடி நின்னுட்டேன். ஆமா, ஒளிஞ்சுக்கிட்டுத்தான். சிரிக்காதீங்க.

சாப்பாடா? அது நீங்க எழுதுன மாதிரி இல்ல. காய் ரெண்டு கிண்ணம்னு போட்டிருக்கீங்க. எல்லாரும் சாப்பிட்டு எந்திரிச்சப்புறம் அவளுக்கு மிஞ்சறது ரெண்டு கரண்டி. சோறு மட்டும் மலையாட்டம் கெடக்கும். ஏழரைக்குள்ள சாப்பிடணும்னு இருக்கு, அவ தட்டுல கை வைக்கிறப்ப மணி பத்தேகால். யாரு பரிமாறுறதா? நாந்தான்.

சரி, வந்த விஷயத்தச் சொல்லிடறேன். மூணு மாசமா ஒழுங்கா வருதுன்னு அவ இன்னைக்கு உங்ககிட்ட சொல்லுவா. நம்பாதீங்க. வீட்ல இருபது இருக்கற நாப்கின் பாக்கெட்டு, அலமாரி மேல்தட்டுல. மொத மாசம் நாலு கொறஞ்சுது. அடுத்த மாசம் நாலு. அதுக்கடுத்தும் நாலு. எந்தப் பொம்பளைக்கும்மா தராசுல நிறுத்த மாதிரி வரும்? சரியாயிடுச்சுன்னு வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம். மக இனிப்பு வாங்கிட்டு வந்தா. என் பங்க மட்டும் நான் தொடல.

இன்னைக்கு எடுக்கற ரத்தத்துல எப்படியும் தெரிஞ்சிடும், அதனால நீங்க ஒண்ணு செய்யணும். என் மகன் வண்டிய நிறுத்திட்டு வருவான். மூணு மாசம் பத்தாது, ஒரு வருஷம்கூட ஆகலாம்னு அவன்கிட்ட சொல்லணும். பொய் சொல்லச் சொல்றேன்னு நெனைக்காதீங்க, அந்தப் பொண்ணுக்காக... பொய் இல்லயா? சிலருக்கு நெசமாவே அவ்வளவு நாள் ஆகுமா? அப்ப நல்லதாப் போச்சு. என் பேரு மட்டும் வெளிய வரவேணாம். காய நான் பாத்துக்கறேன். அவளுக்கு எடுத்து வெச்சுட்டுத்தான் இனிமே மத்தவங்களுக்கு.

எப்படிக் கண்டுபிடிச்சேனா?

எங்க மாமியார் கொடியில காயற தீட்டுத் துணிய எண்ணுவாங்க. எனக்கும் மாசக்கணக்குல வராது. அப்பல்லாம் இதுக்கு ஒரு பேரு இருக்குன்னே யாருக்குத் தெரியும். நல்ல துணியவே நனைச்சுப் புழிஞ்சு காயப் போடுவேன். மாசம் நாலு. ரெண்டு வருஷம் போட்டேன். நாலு போட்டா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.

இன்னைக்குக் காலையில அவ குளிக்கப் போனப்ப அவளோட பழைய கைப்பையத் தெறந்து பாத்தேன். துப்பட்டாவுக்கு அடியில அடுக்கி வெச்சிருந்தா. ஒண்ணுகூடப் பிரிக்கல. எண்ணிட்டு, இருந்த மாதிரியே மூடி வெச்சுட்டேன்.

பன்னண்டு.