மதினி வாய்க்கால்

பழனிமலை மடிப்பு ஒன்றில், மேகம் வாசலில் வந்து படுக்கிற ஊர் கூதல்பாறை. வெகுகாலத்துக்கு முன்னே அந்த ஊரில் வீரக்காளுக்கு ஓர் அநியாயம் நடந்ததாம். புருஷன் கண்மூடியதும், அவள் தூக்கி வளர்த்த கொழுந்தன் சடையனே ஊரைக் கூட்டி, இனி நிலத்தில் அவள் கால் படக்கூடாதென்று விலக்கினான். என்ன குற்றம் செய்தாள்? மழைத்தண்ணிக்கு வழி வெட்டினாள். அதுதான் குற்றமாம். கேளுங்கள்.

அப்போது ஊருக்கு மேலே இருந்த சரிவின் தலையில் சோலைமரம். கீழே படிப்படியாகக் கல்கட்டு, அதில் சாமையும் ராகியும். குறுக்கே ஒரு வாய்க்கால், மழைத்தண்ணியைக் கொண்டுபோய் ஓடையில் விடும். பிறகு உருளைக்கிழங்கு வந்தது. மரத்தை வெட்டினார்கள். கல்கட்டைப் பிரித்தார்கள். பாத்தியைக் குறுக்கே பிடித்தால் தண்ணி நின்று கிழங்கு அழுகுமே என்று, மேலிருந்து கீழே நெட்டுக்கு இழுத்தார்கள். வாய்க்காலையும் தூர்த்து, அதிலும் விதைக்கிழங்கு ஊன்றினான் சடையன். வீரக்காள் மம்பட்டியோடு போய் மறுபடி வெட்டினாள். அவன் தூர்ப்பான், இவள் வெட்டுவாள். அவன் தூர்ப்பான், இவள் வெட்டுவாள்.

கடைசியில் கூட்டம் போட்டார்கள். "புருஷன் இல்லாதவளுக்கு மலையைப் பத்தி என்ன பேச்சு?" என்றாராம் ஊர்ப் பெரியவர். புருஷன் இருந்திருந்தால் மட்டும் மலை அவன் பேச்சைக் கேட்டிருக்குமா? அதை அங்கே ஒருத்தரும் கேட்கவில்லை. வீரக்காள் எதிர்மேட்டில் குடிசை போட்டுக்கொண்டாள்.

கிழங்கு நன்றாகத்தான் விளைந்தது, பொய் சொல்லக் கூடாது. சடையனுக்குக் கல்யாணம் ஆனது, பெண்குழந்தை பிறந்தது. குழந்தைக்குச் சளி பிடித்தால், அவன் பெண்டாட்டி பொன்னாயி ஒளிந்து ஒளிந்து வீரக்காளிடம்தான் தூக்கிவருவாளாம். மண்ணுக்குள்ளே, வெட்டிய மரங்களின் வேர் மக்கிக்கொண்டிருந்தது.

ஓர் ஐப்பசி. விடாத அடைமழை. எதிர்மேட்டிலிருந்து பார்க்கிறாள் வீரக்காள்: சடையன் வீட்டுக்கு மேலே மண் வெடித்துப் பிளந்திருக்கிறது. இறங்கி ஓடினாள். எல்லாரும் வெளியே வாங்க, மலை வருது என்றாள். சடையன் சிரித்தான். "வாய்க்காலைத் தூர்த்த வயித்தெரிச்சல் இன்னும் தீரலையா மதினி?"

வாதாட அதுவா நேரம்? தொட்டிலில் கிடந்த பிள்ளையை எடுத்து இடுப்பில் வைத்தாள். நடந்தாள். நடந்தாளா, பறந்தாளாம். பிள்ளையைத் தூக்கிட்டுப் போறாளே என்று பொன்னாயி பின்னால் ஓட, சடையன் ஓட, கம்பும் கல்லுமாக அந்த வரிசை வீடு மொத்தமும் துரத்தியது. அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. கடைசி ஆள் எதிர்மேட்டில் கால் வைத்தான். மலை இறங்கியது.

வீடுகள் இருந்த இடத்தில் சேறு. கல் எடுத்த கைகள் எடுத்தபடி நின்றனவாம். பிள்ளை மட்டும் அவளுடைய ஈரமுடியைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தது.

இன்றைக்கும் கூதல்பாறையில் ஐப்பசி பிறக்கும் முன்னே வீட்டுக்கு ஓர் ஆள் மம்பட்டியோடு போய், மறுபடி வெட்டிய அந்த வாய்க்காலைத் தூர் எடுப்பார்கள். அதற்கப்புறம்தான் விதையைத் தொடுவது. அதற்குப் பேரே மதினி வாய்க்கால். இத்தனை செய்தவளுக்கு ஒரு கோயில் இல்லையா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கட்டத்தான் போனார்கள். மலை இறங்கிய அன்றைக்கே, தூறல் விடுமுன்னே சடையன் ஊரோடு வந்து அவள் முன்னால் குந்தி, "உன்னைச் சாமியாக்கிக் கும்பிடுறோம் மதினி, கல் நடுறோம்" என்று அழுதானாம்.

முந்தானையால் அவன் தலையைத் துவட்டிக்கொண்டே அவள் சொன்னாளாம்: "சாமியாக்கிட்டா நான் வாயைத் திறக்க மாட்டேன்னு பாக்குறியா சடையா? கல்லை இங்க நடாதே. பிரிச்ச கல்கட்டுல கொண்டுபோய் அடுக்கு. அடுக்கிட்டு வா, சோறு போடுறேன்."