பூட்டிய பெட்டிக்குள் ஒன்று

— அந்த லேப்டாப்ப மூடுங்கக்கா. இன்னிக்குப் பெட்டியத் தொறக்க வேண்டாம்.

— காலங்காத்தால ஆரம்பிச்சுட்டியா? பத்து மணிக்குப் பதினாலு பேரு வந்து இந்த ஹால்ல உக்காரப் போறாங்க. மூணு வருஷமா யாரும் பாக்காம பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி வச்ச டேட்டா. காவல் காக்கறவ நானு. தொறக்க வேண்டாம்னு சொல்ல நீ எந்த ஊரு நாட்டாமை?

— விளையாடாதீங்க. நான்... வந்து... நான் பாத்துட்டேன்.

— எத?

— பெட்டிக்குள்ள. ஏழு மாசம் முன்னாடியே.

— கதவச் சாத்து.

— சாத்திட்டேன்.

— மெதுவாப் பேசு. எப்படிப் பாத்த? பாஸ்வேர்டு எனக்கும் புரொபசருக்கும் மட்டுந்தானே தெரியும்.

— நீங்க வாராவாரம் ஒரு டிஸ்க்ல காப்பி எடுத்து அலமாரியில வைப்பீங்கல்ல. அதுக்குப் பாஸ்வேர்டே இல்ல. வாசலப் பூட்டிட்டு கொல்லக்கதவ மறந்துட்டீங்க.

— அடப்பாவி. சரி, அது என் தப்பு. அதுக்காக தொறந்த வீட்டுல எதுவோ நுழைஞ்ச மாதிரி நுழைஞ்சிடுவியா?

— திட்டுங்க.

— திட்டி என்ன ஆகப்போவுது? ஏன் பூட்டி வைக்கிறோம்னு உனக்கு நான் பாடம் எடுக்கணுமா? உள்ள என்ன கெடக்குன்னு தெரிஞ்சுட்டா, குப்பையச் சலிக்கிற கை தானா வேண்டிய பக்கம் சாயும். எவ்ளோ பெரிய யோக்கியனா இருந்தாலும் சாயும்.

— சாஞ்சுதுக்கா.

— அந்த அரை சென்டிமீட்டரா?

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— மலைக்கடியில வச்சிருக்கோமே, அந்தத் தொட்டிச் சுவத்துலேர்ந்து நாலு சென்டிமீட்டருக்குள்ள மினுங்கறது எல்லாமே குப்பை. சுவத்துலேர்ந்து கசியற அழுக்கு. அப்படித்தான் எப்பவும் தள்ளுவோம். நீ மட்டும் கூட்டத்துல மூணரை போதும்னு ரெண்டு மணி நேரம் மல்லுக்கட்டின. கிராஃப் மேல கிராஃபா போட்டு எல்லாரையும் தலையாட்ட வச்ச. அன்னிக்கே எனக்குச் சந்தேகம்.

— உள்ள ஒண்ணே ஒண்ணு இருந்துச்சுக்கா. கோடிக்கணக்கான அழுக்குக்கு நடுவுல ஒண்ணு. நாம தேடற கரும்பொருள், அந்த டார்க் மேட்டர், வந்து மோதினா எப்படி மினுங்கணும்னு புத்தகத்துல போட்டிருக்கோ, அச்சு அசல் அப்படி. சுவத்துலேர்ந்து மூணே முக்கால் சென்டிமீட்டர். நாலுன்னு கோடு போட்டா அது போயிடும். அதக் குப்பையில தள்ள எனக்குக் கை வரல.

— வேற எதுவுமே இல்லியா? நல்லாப் பாத்தியா?

— இல்லக்கா. அது வரைக்கும் சேந்த மொத்தத்துலயும் அது ஒண்ணுதான்.

— ம்.

— என்னக்கா?

— ஒண்ணுமில்ல. மொதல்ல ஏன்டா பாத்த? ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கலியா?

— அப்பா.

— ஆஸ்பத்திரியில இருந்தப்பவா?

— கடைசி வாரம். அவரு கரண்டு மீட்டர் ரீடிங் எடுக்கிறவருன்னு சொல்லியிருக்கேன்ல. முப்பத்தோரு வருஷம், வீடு வீடா. பூட்டின வீடுன்னா உத்தேசமா எழுதிட்டுப் போற ஆளு இல்ல. மறுநாள் திரும்ப நடப்பாரு. நான் இந்த ஆராய்ச்சியில சேந்ததுலேர்ந்து போன்ல ஒரே கேள்விதான். ‘மீட்டர் ஓடுச்சாடா?’ நான் ‘இல்லப்பா’ன்னுவேன். ‘சரி விடு, நாளைக்குப் பாப்போம்’பாரு. ஆறு வருஷம்க்கா.

— பொறுமசாலி. நம்ம புரொபசருக்கே அவ்ளோ கெடையாது.

— சொந்தக்காரங்க எல்லாம் சிரிப்பாங்க. மலைக்கு அடியில ஒரு தொட்டிய வச்சுக்கிட்டு, கண்ணுக்குத் தெரியாத எதுவோ வந்து மோதுமான்னு பையன் உக்காந்திருக்கான், சம்பளமும் குடுக்கறாங்களாம்னு. அவரு ஒரு நாளும் சிரிச்சதில்ல.

— அப்புறம்?

— அந்த வாரம் அவருக்குக் குரலே வரல. உதடு மட்டும் அசைஞ்சுது. அதே கேள்வி. ‘இல்லப்பா’ன்னு சொல்ல வாய் வரல. ‘ஆமா’ன்னு அடிச்சு விடவும் மனசு வரல. அவருகிட்ட நான் பொய் சொன்னதே இல்லக்கா, பரீட்சையில ஃபெயிலானது உட்பட. அப்படியே எழுந்து பஸ்ஸப் புடிச்சு இங்க வந்தேன். டிஸ்க்க எடுத்துப் பாத்தேன். திரும்பப் போனேன்.

— போயி?

— காதுல சொன்னேன். ‘ஓடுச்சுப்பா, ஒரு தடவ’ன்னு. கையப் புடிச்சாரு. எனக்கு வலிக்கிற அளவுக்கு. அந்த ஒடம்புல அவ்ளோ பலம் எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியல. மறுநாள் போயிட்டாரு. முகம் தெளிவா இருந்துச்சுன்னு அம்மா இன்னிக்கும் சொல்லிட்டிருக்காங்க.

— இத அன்னிக்கே என்கிட்ட வந்து சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?

— தைரியம் இல்ல. நாள் ஆக ஆக இன்னும் சொல்ல முடியல. இப்ப எல்லாரும் அதத் திரையில பாத்துக் கைதட்டுவாங்கன்னு நெனச்சா, நேத்துலேர்ந்து சோறு எறங்கல.

— சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா? நீ கை வச்ச டேட்டா. மூணு வருஷ உழைப்பும் தண்ணியில போச்சு. இத நம்பி இன்னும் மூணு பேரு தீசிஸ் எழுதிட்டிருக்காங்க. அவங்க முகத்துல எப்படி முழிப்ப?

— தெரியல.

— உனக்கு டாக்டர் பட்டம் கெடைக்காது. இங்க மட்டுமில்ல, எங்கயும்.

— தெரியும்க்கா. எல்லார் முன்னாடியும் நானே சொல்லிடறேன். திருடன்னு சொல்லட்டும், திருடன்தான். ஆனா அப்பாகிட்ட பொய் சொல்லல. அது ஒண்ணு போதும் எனக்கு. அத வச்சுக்கிட்டுப் பொழச்சுப்பேன்.

— கொஞ்ச நேரம் வாயத் தொறக்காத.

— நீங்க ஏங்க்கா அழறீங்க? தப்பு பண்ணினது நான்.

— ஆரம்பத்துல ஒரு கூட்டத்துல பேசினோமே, ஞாபகம் இருக்கா? நாம ஆசைப்பட்டு ஏமாந்துடக் கூடாதுங்கறதுக்காக, நெசம் மாதிரியே போலி மினுங்கல் ஒண்ணு செஞ்சு டேட்டாவுல கலந்து வைக்கிறது. பெட்டியத் தொறந்தப்புறம் இதுதான் போலின்னு சொல்லி எடுத்துடறது.

— இருக்கு. வேண்டாம்னு விட்டுட்டோமே.

— நீங்கல்லாம் எழுந்து போனப்புறம் புரொபசர் என்னைத் தனியாக் கூப்பிட்டாரு.

— அக்கா.

— அவரு சொல்லி, என் கையால ஒண்ணு செஞ்சு உள்ள போட்டேன்டா. நீ உங்கப்பா காதுல சொன்னது அதத்தான்.