வீட்டுப் பேர்

லேக் மார்க்கெட் ஆட்டோ வரிசையில் எனக்கு முன்னால் ஒரு அக்காவும் தங்கையும் நின்றிருந்தார்கள். தங்கை ஏற்கெனவே டீச்சர். அக்கா திங்கட்கிழமை ஒரு பள்ளிக்கூடத்தில் சேரப்போகிறாள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"திட்டினாக்கூட பசங்க மறந்துடுவாங்க அக்கா. வீட்டுப் பேர் சொல்லிக் கூப்பிட்டா மறக்கவே மாட்டாங்க."

"அதென்ன அப்படி?"

"பெங்காலிப் பசங்களுக்கு வீட்ல ஒரு பேர், ஸ்கூல்ல ஒரு பேர். ஒன்பதாம் கிளாஸ் பையன் ஒருத்தனை அவங்க அம்மா ஸ்கூல் கேட் பக்கத்துல 'கோகா'ன்னு கூப்பிட்டாங்க. குட்டிப் பையன்னு அர்த்தம். நானும் ஆசையா கிளாஸ்ல அப்படியே கூப்பிட்டுட்டேன். கிளாஸே சிரிச்சுது. அப்புறம் அவன் என்கிட்ட வாயே திறக்கல."

"ஸாரி சொல்ல வேண்டியதுதானே?"

"ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். மசியல. எல்லார் முன்னாடியும் சொன்னப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தான்."

ஆட்டோ வந்து நின்றது.

"ஏய் பூசணி, சீக்கிரம் ஏறுடி!" என்று கத்தினாள் அக்கா.

வரிசையில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். பெங்காலி ஊர்தான் என்றாலும், லேக் மார்க்கெட்டில் தமிழ் தெரிந்தவர்களுக்கா பஞ்சம்? தங்கை போய் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பின் சீட்டில் அக்காவும் நானும், சிரித்தவர்களில் ஒருவரும்.

கொஞ்ச தூரம் போனதும் அக்கா முன்னால் குனிந்து, "ஸாரிடி" என்றாள், மெதுவாக.

"கூப்பிட்டது ஊருக்கே கேட்டுது," என்றாள் தங்கை, திரும்பாமல். "இதுவும் கேக்கட்டும்."